இலத்திரனையும் யாரும் பார்க்கவில்லைத்தானே?

கேள்வி இதுதான்: “இலத்திரனையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, கடவுளையும் பார்த்ததில்லை. ஒன்றைப் புத்தகம் சொல்கிறது என்று நம்புகிறோம், மற்றதைப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று நம்புகிறோம். அப்படியென்றால் கடவுள் நம்பிக்கையும் விஞ்ஞானக் கொள்கைகள் அளவுக்கு நியாயமானதுதானே?” கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. எழுத்தைப் பார்த்தால் உயர்தரம் முடித்தவர், யாரோடோ வாக்குவாதப்பட்டுவிட்டு சூடு ஆறுமுன் எழுதியவர் போல் இருக்கிறது. கடவுள் இருக்கிறாரா என்று அவர் கேட்கவில்லை. நம்புகிறவன் மடையனா என்றுதான் கேட்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். “இன்றைக்கு எனக்குத்தான் விழும்” என்று லொத்தர் சீட்டு வாங்கியவனுக்கு உண்மையிலேயே விழுந்துவிட்டால் அவன் நம்பியது சரியாகிவிடுகிறது, நியாயமாகிவிடுவதில்லை. அதேபோல, நல்ல காரணங்களோடு ஒருவர் பிழையான ஒன்றை நம்பிக்கொண்டும் இருக்கலாம். கடவுள் இருக்கிறாரா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்புவது நியாயமா என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வன்னியில் முப்பது வருடத்துக்குக் கிட்ட உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவன். அதில் பல வருடங்கள் மின்சாரமே இல்லாத வருடங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்த பிள்ளைகளுக்கு, இலத்திரன் ஓட்டத்தைக் கரும்பலகையில்தான் ஓடவிட்டுக் காட்டினேன். வானொலியில் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவன் மிதிக்க வேண்டும், தைனமோவில் வருகிற மின்சாரம் செய்தி முடியும்வரை போதும். பிறகு, கொஞ்சம் வயதான காலத்தில், வெளிவாரியாக மெய்யியல் படித்தேன். சைவ சித்தாந்தம் அதற்கு முன்பே வீட்டில் தகப்பனாரிடம் கேட்டது. ஆகவே என் உதாரணங்கள் சைவத்தின் பக்கம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுளை நம்புவது நியாயமாக இருக்க முடியும். ஆனால் ஒரு விஞ்ஞானக் கொள்கை நியாயமாக இருக்கிற அதே விதத்தில் இருக்க முடியாது. அதைக் கொள்கை மாதிரி உடுத்திக் கூட்டிவருகிறவர்கள் அதற்கு நன்மை செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார்கள்.

முதலில் இலத்திரன். “புத்தகம் சொல்கிறது” என்பது மாணவனுடைய காரணம், உலகத்தினுடைய காரணம் அதுவல்ல. 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன், காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சும்போது வருகிற கதோட்டுக் கதிரை மின்புலத்தாலும் காந்தத்தாலும் வளைத்துப் பார்த்தார். குழாய்க்குள் இருந்த வாயுவை மாற்றினார், மின்வாயின் உலோகத்தை மாற்றினார். எதை மாற்றினாலும் அந்தக் கதிரில் வந்த துணிக்கையின், அதுதான் இலத்திரன், மின்னேற்றத்துக்கும் திணிவுக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. சில வருடம் கழித்து அமெரிக்காவில் மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு, ஒவ்வொரு துளியிலும் உள்ள ஏற்றத்தை அளந்தார். ஒரு சின்ன அளவின் மடங்குகளாகவே அது வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது என்று, நடுவில் ஒன்றரை இல்லை. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மில்லிக்கன் சொன்ன எண் கொஞ்சம் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த பெறுமானம் பிழை. ஆள் நோபல் பரிசு பெற்றவர் என்பதற்காக யாரும் அந்த எண்ணை அப்படியே விட்டுவைக்கவில்லை, வேறு வழியில் அளந்தவர்கள் திருத்தினார்கள்.

அணுவின் கதையும் அப்படித்தான். ஏர்ன்ஸ்ட் மாக் என்ற பெரிய பௌதிகவியலாளர் கண்ணால் காணாத அணுவை முழுமனதாக ஏற்கவே இல்லை. இரசாயனவியலாளர் ஒஸ்வால்ட்டும் நெடுங்காலம் அப்படி இருந்தவர். 1905இல் ஐன்ஸ்டைன், தண்ணீரில் மிதக்கும் தூசுகள் துடிப்பதைக் கொண்டு அணுக்களை எண்ணலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். பிரான்சில் பெரென் அதை உண்மையிலேயே எண்ணினார். ஒரு மூலில் (இரசாயனத்தில் பொருளை எண்ணுகிற அலகு அது) எத்தனை மூலக்கூறு என்பதற்குத் தூசின் துடிப்பிலிருந்து ஒரு விடை, வானத்தின் நீலத்திலிருந்து ஒரு விடை, கதிரியக்கத்திலிருந்து ஒரு விடை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண், 6ஐ அடுத்து 23 பூச்சியம். ஒஸ்வால்ட் 1909இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த நான் மாட்டுக் கதைதான் சொல்வேன். தொலைந்த மாட்டைத் தேடுகிறோம். மாங்குளத்தால் வந்தவனும் ஒட்டுசுட்டானால் வந்தவனும் பரந்தனால் வந்தவனும், ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே, ஒரே குறிசுட்ட மாட்டைக் கண்டதாகச் சொன்னால், நான் அந்த மாட்டைக் காணாவிட்டாலும் அது உயிரோடு எங்கோ மேய்கிறது என்று நம்புவேன். ஆகவே கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் பிரச்சினையே இல்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வழிகள் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி. கடவுள் விஷயத்தில் வழிகள் பல உண்டு, எல்லாரும் ஏதோ ஒன்றைக் கண்டுதான் வருகிறார்கள், ஆனால் குறி ஒத்துவருவதில்லை. ஒருவர் ஒருவனே என்கிறார், ஒருவர் மூவர் என்கிறார், ஒருவர் உருவமே இல்லை என்கிறார், புத்த பிக்கு அப்படி ஒருவர் தேவையே இல்லை என்கிறார். எல்லாப் பெயரும் ஒருவனுக்கே என்று சைவம் ஒரு அழகான பதில் வைத்திருக்கிறது. அழகுதான். ஆனால் எந்தக் குறியைச் சொன்னாலும் “அதுவும் எங்கள் மாடுதான்” என்பவனிடம் மாட்டைத் தேடச் சொல்லிப் பயனில்லை.

இதை வைத்து, சமயம் என்றால் யோசிக்காமல் நம்புவது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். எங்கள் மரபில் அறிவதற்கு அளவை என்று ஒரு கணக்கு உண்டு: காட்சி, கருதல், உரை. கண்டறிவது, கண்டதைக் கொண்டு ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லைக் கொள்வது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில், சைவ சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்தையே ஒரு வாதமாகத்தான் தொடங்குகிறார். அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. அப்படிப்பட்ட ஒன்று தானாக நடக்காது, நடத்துகிற ஒருவன் வேண்டும். அதற்கு மேற்கோள் (நிறுவ வருவது), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று படிப்படியாக நியாயம் சொல்லப்படுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று தகப்பனார் எனக்குச் சொல்லித் தந்தது இன்றும் காதில் கேட்கிறது. மெய்கண்டாருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் அளவையை முதலில் சொல்லி, எதிர்த்தரப்பாரின் வாதங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். நாத்திகன் என்ன சொல்வான் என்று நாத்திகனைவிட ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் அந்த வாதம் எங்கே இடறுகிறது என்றும் சொல்ல வேண்டும். மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்கிறோம். ஏனென்றால் அடுக்களையில் புகையையும் நெருப்பையும் சேர்த்து ஆயிரம் தடவை கண்டிருக்கிறோம். குடத்தையும் குயவனையும் சேர்த்துக் கண்டிருக்கிறோம். உலகங்களையும் உலகம் செய்பவர்களையும் யார் சேர்த்துக் கண்டார்? ஸ்கொட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் இதைத்தான் கேட்டார். ஹியூமுக்கு வெகுகாலம் முன்பே பௌத்தரும் சமணரும், ஏன், வேதத்தை ஏற்ற மீமாம்சகருமே, படைத்தவன் என்று ஒருவன் வேண்டியதில்லை என்று இந்தப் பக்கத்தில் வாதாடியிருக்கிறார்கள். டார்வின் வந்து இதையெல்லாம் முடித்துவிட்டார் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. 1859இல் டார்வின் உடைத்தது, “கண் இவ்வளவு நுட்பமாக இருக்கிறதே, யாரோ செதுக்கியிருக்க வேண்டும்” என்ற வாதத்தை. மெய்கண்டார் கண்ணின் நுட்பத்தைப் பற்றிப் பேசவில்லை, தோன்றி ஒடுங்குகிற எதுவும் தன்னில் தானாக நிற்குமா என்று கேட்கிறார். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரர் கோயில் இருக்கிறது அல்லவா, அந்தப் பெயரிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. “அப்போ கடவுளைப் படைத்தது யார், சேர்?” என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பொடியன் கேட்பான். தான்தோன்றி என்பதுதான் பதில். (பிள்ளைகள் குழப்படி செய்தால் தான்தோன்றித்தனம் என்று திட்டுவதும் இதே சொல்தான்.) பின்வாங்கிலிருந்து இன்னொருவன், “அப்படியென்றால் பிரபஞ்சமே தான்தோன்றியாக இருக்கக் கூடாதா?” என்பான். எனக்குத் தெரிந்து வாதம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எதையும் சாராமல் நிற்கிற ஏதோ ஒன்று என்பதுவரை அது கூட்டிக்கொண்டு போகிறது. அது என் மனைவி நேர்த்திவைத்துக் கும்பிடுகிற, கேட்டால் இரங்குகிற ஒருவர்தான் என்பதுவரை கூட்டிக்கொண்டு போவதில்லை.

மறுபக்கத்தில் சொல்லப்படுகிற ஒரு சுகமான விதியும் இருக்கிறது. எந்தப் பரிசோதனையாலும் பிழை என்று காட்ட முடியாதது கொள்கையே அல்ல, ஆகவே கடவுள் பேச்சு வெறும் பேச்சு என்பது. விஞ்ஞானத்தைப் பற்றி எழுதிய மெய்யியலாளர் கார்ல் பொப்பரின் பெயரைச் சொல்லி இதை வீசுவார்கள். விஞ்ஞானம் உண்மையில் நடக்கிற விதம் இவ்வளவு சுத்தமில்லை. யுரேனஸ் கிரகம் நியூற்றனின் கணக்குப்படி போகவில்லை. நியூற்றன் பிழை என்று யாரும் தூக்கியெறிந்தார்களா? இல்லை. பிரான்சுக்காரர் லெ வெரியே, காணாத இன்னொரு கிரகம் அதை இழுக்கிறது என்று ஒரு சாட்டுச் சொன்னார். எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். 1846 செப்டெம்பர் 23ஆம் திகதி இரவு பெர்லினில் காலே தொலைகாட்டியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. பிறகு புதன் கிரகமும் கொஞ்சம் பிசகிப் போவது தெரிந்தது. நூறு வருடத்தில், ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் 43 பங்கு. அவ்வளவுதான் பிசகு. 1859இல் அதே லெ வெரியே, அதே சாட்டு: சூரியனுக்குக் கிட்ட இன்னொரு கிரகம் இருக்கிறது. அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கண்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வல்கன் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை வந்து அந்த 43 பங்கைச் சரியாகக் கொடுத்தது. இந்த முறை உண்மையிலேயே நியூற்றன்தான் போதவில்லை. இன்றைக்குக் கரும்பொருள் என்று சொல்கிறார்களே, விண்மீன் கூட்டங்கள் கணக்கைவிட வேகமாகச் சுழல்வதற்குச் சொல்லப்படுகிற காரணம், அது நெப்டியூனா வல்கனா என்று இன்னும் முடிவாகவில்லை. நெப்டியூன் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள், ஆதாரமும் அந்தப் பக்கம்தான் கூட, ஆனால் அந்தத் துணிக்கையை யாரும் இன்னும் பிடிக்கவில்லை.

ஆகவே ஒரு பக்தர், “அது அவன் சித்தம், எங்களுக்கு விளங்காது” என்று சாட்டுச் சொல்கிறார் என்பதற்காக மட்டும் அவரை நியாயமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. விஞ்ஞானிகளும் சாட்டுச் சொல்லித்தான் கொள்கையைக் காப்பாற்றுகிறார்கள். வித்தியாசம், லெ வெரியே எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னதுதான். தோற்பதற்கு ஒரு இடத்தை அவரே காட்டிக் கொடுத்தார். இதை எங்கள் இரணைமடுக் குளத்தில் வைத்துப் பாருங்கள். குளக்கட்டுப் பக்கம் கனகாம்பிகை அம்மனுக்குப் பொங்கிப் படைக்கிறோம். மழை பெய்தால் அம்மனின் அருள். பெய்யாவிட்டால் எங்களில் ஏதோ குறை. 2018 டிசம்பரில் வந்தது போல் வெள்ளம் வந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லத் தெரியும். எந்தக் காலநிலைக்கும் பொருந்துகிற ஒன்றால் நாளைய காலநிலையைச் சொல்ல முடியாது. மழையைப் பற்றிய கொள்கை என்று எடுத்தால் அது தேறாது. ஆனால் பொங்குகிறவர் அதை மழையைப் பற்றிய கொள்கையாகவா வைத்திருக்கிறார்? அதே மனிதர், சிறுபோகக் கூட்டத்துக்கு வந்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்கு விடுவீர்கள் என்று நீர்ப்பாசன எஞ்சினியரைத்தான் பிடித்து உலுக்குகிறார். அடிக்கணக்கை அம்மனிடம் கேட்டு வந்த ஒருவரை நான் கண்டதில்லை. பொங்கல் வேறு ஒரு வேலையைச் செய்கிறது. நன்றி, பயம், நான் தனியாள் இல்லை என்ற எண்ணம், எல்லாம் ஒரு பானைக்குள் கிடக்கிறது. அதைக் கொள்கைகளோடு ஓட்டப்பந்தயத்துக்கு விட்டு, தோற்றுவிட்டது என்பதும் பிழை, வென்றுவிட்டது என்பதும் பிழை.

ஒரு நிபந்தனை உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம்பிக்கை எப்போது உலகத்தில் இன்னது நடக்கும் என்று சொல்ல வருகிறதோ, அந்த நிமிடம் கொள்கைகள் கொடுக்கிற அதே விலையை அதுவும் கொடுக்க வேண்டும். மடு மாதா கோயில் மண் பாம்பு விஷத்துக்குக் காவல் என்று வன்னியில் எல்லாரும் சொல்வார்கள், சைவர்கள் வீட்டிலும் அந்த மண் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவரை அரிவு வெட்டுக் காலத்தில் வயலுக்குள் புடையன் கடித்தது. மனைவி ஓட்டோவுக்குள் வைத்தே மடு மண்ணைக் குழைத்து நெற்றியில் பூசினார். ஓட்டோ போய் நின்றது ஆஸ்பத்திரி வாசலில், அங்கே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆள் இன்னும் வயல் செய்கிறார். அந்த அம்மா செய்ததில் நியாயமற்றது எதையும் நான் காணவில்லை. மண்ணைப் பூசிவிட்டு வீட்டில் இருந்திருந்தால், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அது நியாயமே இல்லை. மிதிவெடியும் அப்படித்தான். மீள்குடியேறிய காலத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் சொந்தக் காணி இருந்தவர்கள் எத்தனை பேர். சாமி கும்பிட்டுவிட்டு வெடி அகற்றும் ஆட்கள் வரும்வரை காத்திருந்தார்கள். 1877இல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர், பழுதான கப்பலைக் கடவுள் காப்பார் என்று நம்பிக் கடலுக்கு அனுப்பிய முதலாளியின் கதையைச் சொல்லி, போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது யாருக்கும் எப்போதும் பிழை என்றார். சிவப்புப் பலகைக்கு முன்னால் நிற்கிறபோது கிளிஃபர்ட் சொல்வதுதான் சரி.

எல்லா இடமும் சிவப்புப் பலகைக்கு முன்னால் இல்லை. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் 1896இல் அவருக்குச் சொன்ன பதில், சில விஷயங்களில் ஆதாரம் வரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு என்பது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உட்காரத் தொடங்கினார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்ற அவர்களுடைய நம்பிக்கையை ஒரு கருதுகோளாக எடுத்து நிகழ்தகவு போட்டுப் பார்க்க யாராவது வந்தால் எனக்குக் கோபம் வரும். கணக்கில் பிழை இருக்கும் என்பதால் வருகிற கோபம் இல்லை அது. தமிழில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்றை உண்மை என்று ஏற்றுக்கொள்வதும் நம்பிக்கை, ஒரு ஆளை நம்பிக் கையைப் பிடிப்பதும் நம்பிக்கை, வரும் என்று வழி பார்த்திருப்பதும் நம்பிக்கை. கேள்வி கேட்டவர் இலத்திரனுக்கு முதலாவதை எடுத்தார். கடவுளுக்கு மூன்றையும் சேர்த்து எடுத்தார். பிறகு இரண்டும் ஒன்றுதானே என்றார். முடிச்சு விழுந்த இடம் அதுதான். ஒரு ஆளை நம்புவதற்கும் நியாயம் அநியாயம் உண்டு. கண்மூடித்தனமாகவும் நம்பலாம், அறிந்து பழகியும் நம்பலாம். ஆனால் கட்டிய மனைவியை ஒவ்வொரு நாளும் பரிசோதித்து, இன்றுவரை பிழைபிடிக்க முடியவில்லை, ஆகவே தற்காலிகமாக ஏற்கிறேன் என்பவனை நாங்கள் நியாயவான் என்று சொல்வதில்லை.

இதே பாதையில் போய் இன்னும் பெரிதாக வாதாடியவர்கள் இருக்கிறார்கள். அல்வின் பிளான்டிங்கா என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1967இலிருந்து ஒன்றைச் சொல்லிவந்தார். மற்றவர்களுக்கும் மனம் இருக்கிறது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது, இருந்தும் அதை நம்புவது நியாயம். கடவுள் நம்பிக்கையும் அப்படி அடியில் கிடக்கிற ஒன்றாக இருக்கலாம் என்று. பாதி ஒத்துக்கொள்கிறேன். நிரூபிக்க முடியாதது எல்லாம் நியாயமற்றது என்றால் நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பதையும் கைவிட வேண்டியிருக்கும். மற்றப் பாதி எனக்கு இடிக்கிறது. மற்றவர்களுக்கு மனம் இல்லை என்று நினைத்து ஒருவராலும் ஒரு நாள்கூட வாழ முடியாது. கடவுள் இல்லை என்று நினைத்து எத்தனையோ பேர் நன்றாக, ஒழுங்காக, எங்களைவிட ஒழுங்காக வாழ்கிறார்கள். அதோடு, இந்தக் கதவை அகலத் திறந்தால் புளியமரத்து முனியும் உள்ளே வந்துவிடும். பிளான்டிங்கா அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார், எனக்குப் போதவில்லை. இங்கிலாந்தில் ரிச்சட் ஸ்வின்பேர்ன் நேர் எதிர்வழி. கடவுளை ஒரு கருதுகோளாகவே எடுத்து, உலகம் இருப்பது, அதில் ஒழுங்கு இருப்பது, மனம் இருப்பது என்று ஒவ்வொன்றாகக் கூட்டி நிகழ்தகவு அரைவாசியைத் தாண்டுகிறது என்றார். நாணயமான முயற்சி. ஆனால் கூட்டத் தொடங்குமுன் கடவுளுக்கு என்ன நிகழ்தகவு வைத்துத் தொடங்குவது? அந்த முதல் எண் எந்த ஆய்வுகூடத்திலிருந்தும் வருவதில்லை, அவரவர் மனதிலிருந்து வருகிறது. பௌதிக மாறிலிகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் உயிரே இருந்திருக்காது என்ற வாதமும் இந்த வகைதான். மாறினால் விளைவு பயங்கரம் என்பது பெரும்பாலும் உறுதி. அவை மாறியிருக்கவே முடியுமா என்பது யாருக்கும் தெரியாது.

விஞ்ஞானத்தைக் காட்டிக் கடவுளுக்குச் சான்றிதழ் வாங்க ஓடுகிறவர்களுக்கு நான் ஜோர்ஜ் லெமேத்ரரைத்தான் காட்டுவேன். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர், அதேவேளை பௌதிகவியலாளர். பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிகிறது என்ற கொள்கைக்கு 1931இல் வழிபோட்டவர். 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற மாதிரிப் பேசியபோது அதிகம் சங்கடப்பட்டது இந்தக் குருவானவர்தான். தன் கொள்கை சமயத்துக்கு வெளியே நிற்பது என்றுதான் அவர் சொல்லிவந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைக்குக் கொள்கையில் கொண்டுபோய்க் கடவுளைக் கட்டிவைத்தால், நாளைக்குக் கொள்கை திருத்தப்படுகிறபோது என்ன செய்வாய் என்பது அவருக்கு விளங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறவன் 2009இன் இறுதிப் போரைத் தாண்டிப் போக முடியாது. தோற்பதற்கு இடமே காட்டாத நம்பிக்கை என்று மேலே சொன்னேன். ஒரு இடத்தில் அது தானாகவே தோற்கக்கூடிய எல்லைக்கு அருகில் வருகிறது: அவன் எல்லாம் வல்லவன், அன்பே உருவானவன் என்று சொல்கிற இடத்தில். அப்படிச் சொன்னால், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நடந்தது நடந்திருக்கக் கூடாது. கடவுளுக்கு எதிரான வாதங்களில் எனக்குத் தெரிந்த ஆகப் பலமானது இதுதான், இதற்கு எந்தச் சமயம் சொன்ன பதிலும் எனக்கு ஆறவில்லை. வினைப்பயன் என்று சித்தாந்தத்தில் பதில் இருக்கிறது, தர்க்கத்தில் ஓட்டையில்லாத பதில். அதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்லத் துணிந்த ஒருவரோடு நான் பிறகு கதைக்கவில்லை. ஒரே பங்கருக்குள் கிடந்து வந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு வீட்டுத் தகப்பன் அதன்பிறகு கோயில் படி ஏறவில்லை. மற்ற வீட்டு மனிதர், முன்பு திருவிழாவுக்கு மட்டும் வந்தவர், இப்போது ஒவ்வொரு வெள்ளியும் விரதம். ஒரே செல் சத்தம், ஒரே பசி, ஒரே ஆதாரம். ஒரு விஞ்ஞானக் கொள்கைக்கு இப்படி நடந்தால் அதை நாங்கள் கொள்கை என்று சொல்ல மாட்டோம். அந்த இரண்டு பேரில் ஒருவரையாவது நியாயமற்றவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இதை வாசிக்கிற என் பழைய மாணவர்கள் கட்டாயம் ஒன்று கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு எரிப்பார்கள். கடல்நீர் எரிபொருள் இல்லை என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அந்த விளக்கு எதனால் எரிகிறது என்பது பரிசோதிக்கக்கூடிய கேள்வி. நான் மேலே போட்ட நிபந்தனையின்படியே அது கொள்கையின் விலையைக் கொடுக்க வேண்டிய இடம். எத்தனையோ வைகாசி போய் நின்று கும்பிட்டிருக்கிறேன், கிட்டப் போய்ப் பார்க்கட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. “ஏன் சேர் கேட்கவில்லை?” என்று ஒருவன் வகுப்பில் மடக்கினான். மரியாதை என்றேன். அது பாதிதான். மற்றப் பாதி பயம். எண்ணெய் இருந்துவிடுமோ என்ற பயமா, இல்லாமல் இருந்துவிடுமோ என்ற பயமா என்று அவன் கேட்டிருந்தால் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருக்காது.